இறங்காத அட்டிகை

ஓர் ஆயுளுக்கு என்ன விலை என்று மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கேட்டுப்பாருங்கள், சரியாகச் சொல்வார்கள்: நாலு பவுன், சிவப்புக் கல் வைத்தது, செய்கூலி சேதாரம் உட்பட. எழுபத்து நாலில் இருளாயி தன் புருஷனை அந்த விலைக்குத்தான் தள்ளிவிட்டாள். பேரம்கூடப் பேசவில்லை.

புருஷன் மாயாண்டி சிலம்பத்தில் புலி. முனியாண்டி கோயிலில் அருள் வந்தால் குறி சொல்லுவான், சொன்னது தப்பியதில்லை. அவள் அண்ணன் உடையப்பனுக்கு ஈப்போவில் ஈயம் தோண்டிவிட்ட குட்டை நிலம் ஒன்றில் பங்காளித் தகராறு. அடித்து விரட்ட மாயாண்டியைக் கூப்பிட்டான். போனால் உடையப்பன் ஒருவன்தான் திரும்புவான் என்று மாயாண்டி மறுத்தான். ஆனால் கல்யாணத்தன்றே மச்சான்கள் இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்: தங்களுக்குள் பேச்சு முறிந்தால் இருளாயி வாக்கே முடிவு.

உடையப்பன் தங்கச்சி கையில் அட்டிகையை வைத்தான். போய்விட்டு வரட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். கொளுத்தும் வெயிலில் அவள் முந்தானையைக் கழுத்துவரை போர்த்தியிருந்ததை மாயாண்டி பார்த்தான்.

ஆட்களோடு லாரியில் புறப்படும் காலையில், லய வீடுகளின் சனம் மொத்தமும் பார்க்க, அவனுக்கு அருள் வந்தது. நேரே வந்து அவள் முந்தானையை விலக்கினான்.

"இது கழுத்தைவிட்டு இறங்குற அன்னிக்கு உன் மகன் இருக்க மாட்டான். சொன்ன இந்த என் வாயிதான் இத மாத்தணும்லா."

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மலாய்ப் பேச்சிலிருந்து தோட்டத்து வாயில் ஒட்டிக்கொண்ட அந்த 'லா' மட்டும் இருளாயிக்குக் காதில் தைத்தது.

குட்டையோரம் கம்பு சுழலும்போதே கரை சரிந்தது. லாரியோடு, கூடப் போனவர்களோடு மாயாண்டியைச் சேறு விழுங்கியது. உடையப்பன் மட்டும் திரும்பினான்.

பதினாறாம் நாள் தாலி இறக்கப் பெண்கள் வந்தார்கள். பொன்னோடு உட்கார்ந்திருக்கும் விதவையை ஊர் பார்த்ததில்லை. இருளாயியின் விரல் அட்டிகைக் கொக்கியில் இருந்தது.

"சாமி எங்கயாச்சும் லா போட்டுப் பேசுமாக்கா? அது அந்தாளு வஞ்சம் வச்சுப் பேசினது."

வந்தவர்களில் மூத்தவள் மாரியம்மா நிதானமாக வெற்றிலையை ஒதுக்கினாள்.

"நாப்பது வருசமா இந்தத் தோட்டத்துல கெடக்குற சாமி, வேற எப்படிடி பேசும்? சாமி இல்லன்னு உனக்குத் தெரியுதுல்ல, கழட்டு. பிச்சைமுத்து உன் மகன்தானே."

கொக்கியிலிருந்து விரல் இறங்கியது. ஒற்றை மகனை வைத்துப் பந்தயம் கட்ட அவளுக்குத் துணிச்சல் இல்லை. அது அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது.

மாரியம்மா இறக்கியதை வெள்ளைத் துணியில் முடிந்தபடி, வாசலில் நின்ற உடையப்பனுக்கும் கேட்கும்படி எண்ணினாள்.

"தாலி ஒண்ணு. மெட்டி ரெண்டு. ஒடைச்ச வளையல் ஒம்பது. அட்டிகை, பாக்கி."