மயில்கழுத்துச் சேலை

விஜயஸ்ரீ ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் சம்பந்தப்பட்ட ஒருத்தரையும் விடமாட்டாள். பாபநாசம் படித்துறையில் குளிக்கிறவர்கள் தோஷம் கழியட்டும் என்று உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுப் போகிறார்களே, அதை நிறுத்த ஒரு பயிலரங்கு நடத்தக் கிளம்பியபோதும் அப்படித்தான். கல்லூரி வேலை போக மிச்ச நேரமெல்லாம் அலைந்தாள். துப்புரவுத் தொழிலாளர்கள், ஊராட்சித் தலைவர், சடங்கு செய்யும் ஐயர் என்று ஆள் ஆளாய்த் தேடிப்போய்ப் பேசினாள். பரிகாரம் சொல்லும் சோசியர் வீட்டில் ஆறிப்போன காப்பியை முகம் சுளிக்காமல் குடித்தாள்.

மசியாதவள் மாரித்தாய் ஒருத்திதான். படித்துறை ஓரத்தில் வேட்டி, சேலை விற்கிறவள். பழையதை ஆற்றில் விட்டவர்கள் புதியதை அவளிடம்தான் வாங்குவார்கள். அவள் வராவிட்டால் மற்ற கடைக்காரர்களும் வரமாட்டார்கள். அவர்கள் இல்லாத பயிலரங்கு வெறும் காற்றில் பேசுவது.

"துணியைக் கரையில தொட்டி வச்சுப் போடச் சொல்லுவோம். அப்பவும் புதுசு உங்ககிட்டதானே வாங்குவாங்க" என்றாள் விஜயஸ்ரீ.

மாரித்தாய் கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, வாரேன். ஆனா ஆத்துல விடுதது நாங்களா டீச்சர்? உங்கள மாதிரிப் படிச்ச வீட்டு ஆளுகதான் கார்ல வந்து விடுதாவ. உங்க வீட்டுல சொல்லிட்டியளா?"

விஜயஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுத் துணி ஒண்ணு இந்த ஆத்துல கிடந்தா நீங்க எல்லாரும் எந்திரிச்சுப் போயிரலாம்."

வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல.

பயிலரங்கு அன்று காலை எல்லோரையும் முதலில் படித்துறைக்குக் கூட்டி வந்தாள். ஆற்றின் கோலத்தைக் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைப்பு. அவள் மாணவன் கிங்ஸ்லி கொக்கி கட்டிய கம்பால் தண்ணீரைத் துழாவினான். வேட்டி வந்தது, துண்டு வந்தது. அடுத்து வந்தது மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சேலை.

விஜயஸ்ரீ குனிந்து விரித்துப் பார்த்தாள். முந்தானையில் தீபாவளி மத்தாப்புப் பொசுக்கிய ஓட்டை. அவள் பீரோவில் இருந்த சேலை, அவள் சேலை.

"யாருதோ, சாயம்கூடப் போகல" என்றான் கிங்ஸ்லி.

பக்கத்தில் ஈரத்தலையோடு யாரோ வந்து நின்றார்கள். அம்மா கோமு. காலையிலேயே கோயிலுக்கு என்று வீட்டைவிட்டுக் கிளம்பியவள்.

"ஏளா, அத ஏன் எடுக்கச் சொன்ன?" என்று மகள் காதில் பதறினாள். "உன் கூட்டம் தடங்கலில்லாம நடக்கணும்னுதான் விட்டேன். சோசியர்தான் சொன்னாரு. நல்ல சேலையாப் பாத்து விட்டிருக்கேன்."

கூட்டத்தில் நின்ற சோசியர் சட்டென்று மலையைப் பார்க்கத் தொடங்கினார். விஜயஸ்ரீ சேலையைக் கையில் சுருட்டினாள். யாருக்கும் தெரியாது, பேசாமல் இருந்துவிடலாம். மாரித்தாய் படியில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் சேலைதான்" என்றாள். "இது எங்க அம்மா. அம்மாதான் விட்டிருக்காங்க."

கடைக்காரர்கள் மாரித்தாய் முகத்தைப் பார்த்தார்கள். அவள் படியேறினால் அத்தனை பேரும் ஏறிவிடுவார்கள். மாரித்தாய் எழுந்தாள். நேரே கோமுவிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"நீங்க வாங்கம்மா. மொத நாற்காலி உங்களுக்குல்லா போட்டிருக்கணும்."

கோமு ஒன்றும் புரியாமல் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எதுக்குளா? கூட்டம் எதுக்குன்னு என்கிட்ட நீ ஒண்ணும் சொல்லவே இல்லையே."