மாறி வந்த அட்டைகள்

1

இந்தக் கதை போன மே மாதம் ஒரு வகுப்பறை வாசலில் தொடங்கியது. ஓய்வு பெற்றபின் பழைய பள்ளியை எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே கிரேக்க மொழித் தேர்வு. காதில் கருவி மாட்டியவர்கள் ஆளுக்கொரு திரையிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரில் முகமே இல்லை. எனக்கு, பல வருடங்களுக்கு முன் இங்கே தேர்வுக்கு வந்த லிந்திதாவின் முகம் ஞாபகம் வந்துவிட்டது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கிரேக்கத்தின் தெசலோனிகியில் கடற்காற்று சிலுசிலுத்த ஒரு மாலையில்..."

வேண்டாம். அன்று காற்றே இல்லை. மதிப்பெண் தாளால் விசிறிக்கொண்டிருந்தார் என்னோடு தேர்வு நடத்திய ஸ்தெர்யோஸ்.

2

அந்நாளில் வாய்மொழித் தேர்வுக்கு இருவர் இருவராக உட்காரவைப்போம். ஆளுக்கொரு அட்டை. அதில் உள்ள பக்கத்தை எடுத்துக்கொண்டு நான்கு நிமிடம் வாதாட வேண்டும். நான் நடத்துவேன், ஸ்தெர்யோஸ் மதிப்பெண் போடுவார். தேறினால்தான் நீண்டநாள் தங்க அனுமதி கேட்க முடியும்.

லிந்திதாவும் பெஸ்னிக்கும் அல்பேனியாவின் கோர்ச்சாவிலிருந்து வந்த தம்பதி. அவள் ரொட்டிக்கடையில் வேலை செய்தாள். அவன் சுவர்ப்பூச்சு வேலை. உறவினரைச் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அன்று இருவருக்குமே ஜோடி வரவில்லை.

"வேற வழியில்ல எவாந்தியா, உக்கார வை," என்றார் ஸ்தெர்யோஸ். "புருஷன் பொண்டாட்டிக்கு வாதாடச் சொல்லியா குடுக்கணும்?"

ஓர் அட்டை: சொந்த ஊருக்குத் திரும்ப நினைக்கிறீர்கள். மற்றது: இங்கேயே இருக்க விரும்புகிறீர்கள். திரும்புவது லிந்திதாவுக்கு வந்தது, இருப்பது பெஸ்னிக்குக்கு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர், எங்களுக்கு இது தலைகீழா வந்திருக்கு. மாத்திக்கலாமா?" என்றான் பெஸ்னிக்.

"கூடாது."

3

(இங்கே பெஸ்னிக்கை முரடனாக்கி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். கதைக்கு அது வசதி. அவன் முரடன் இல்லை. பேசாதவன், அவ்வளவுதான்.)

லிந்திதா தொடங்கினாள். "ஊர்ல பாதி கட்டின வீடு நிக்குது. இங்க மழை பெஞ்சா எனக்குத் தூக்கம் வராது. அடுத்தவன் சுவத்தையே பூசிக்கிட்டிருந்தா என் சுவத்தை எப்ப பூசுறது?"

ரொட்டிக்கடைக்காரி எந்தச் சுவரைப் பூசுகிறாள் என்று ஸ்தெர்யோஸ் புருவத்தைத் தூக்கினார்.

பெஸ்னிக் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். பிறகு வினைச்சொற்களைத் தப்புத்தப்பாகப் போட்டுச் சொன்னான்: "அங்க போனா நான் யாரு பொண்டாட்டின்னுதான் கேப்பாங்க. இங்க கடைக்கு வர்றவங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. சாயந்தரம் கடலோரமா தனியா நடந்தா யாரும் ஏன்னு கேக்குறதில்ல."

"பொண்டாட்டி" என்றதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"நீ இதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே?" என்றாள் லிந்திதா. "சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவியே!"

"ஒரு காதுதானே தலையணையில இருக்கும்."

"அப்ப ஏன் பதிலே சொல்லல?"

"பதில் தெரியல. இப்பவும் தெரியல." அவன் நிமிர்ந்தான். "மழையைப் பத்தி நான் உன்கிட்ட சொன்னதே இல்லையே?"

"சொல்லணுமாக்கும்! மழை சத்தம் கேட்டதும் எந்திரிச்சு உக்காந்துக்குவே. நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டிருப்பேன்."

நேரம் எப்போதோ முடிந்திருந்தது. நான் மேசை மணியை எடுக்கப் போனேன். ஸ்தெர்யோஸ் தன் கையால் அதை மூடிக்கொண்டார்.

4

"இலக்கணத்துல அவன் அவுட்டு," என்றார் பிறகு.

"'பொண்டாட்டி'ன்னதைத் தப்புன்னு போடப்போறீங்களா?"

"அது ஒண்ணுதான் சரியா இருந்துச்சு."

இருவரும் தேறினார்கள். அவள் நன்றாக, அவன் மயிரிழையில்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கோர்ச்சா வீட்டின் ஈரச் சுவரில் லிந்திதா கை வைத்து... மற்றதில் பெஸ்னிக் அந்த வீட்டை விற்றுவிட்டு வந்து... இரண்டிலும் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுக்கிறார். விட்டுக்கொடுத்தவர் முகத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்குத் தெரிந்தது சன்னல் வழியாகப் பார்த்ததுதான். பள்ளி முற்றத்தில், ஆரஞ்சு மரத்தடியில் இருவரும் நின்றார்கள். பரீட்சை முடிந்தும் தாய்மொழிக்குத் திரும்பவில்லை. தட்டுத்தடுமாறிக் கிரேக்கத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அடுத்த ஜோடி வந்து உட்கார்ந்துவிட்டது. நான் திரும்பிவிட்டேன். பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை.

நீங்கள் சன்னலிலேயே நின்றுகொள்ளுங்கள். அவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். அவசரப்படுத்த மட்டும் வேண்டாம். போவதா இருப்பதா என்று அவள் இப்போதுதான் கேட்டிருக்கிறாள். அவன் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறான்.