முதுகுப் பக்கம் ஜன்னல்

...குழாயும் தேறிவிட்டது, திறந்தால் தண்ணீர் அளவாகத்தான் வருகிறது, கண்ணாடி வெயிலின் சூட்டை உள்ளே விடவில்லை, பெயின்ட்கூட மணக்கவில்லை, புதுக் கட்டடம் என்றால் கொஞ்சமாவது மணக்க வேண்டாமா... எங்கே கை வைத்தாலும் மார்க். பகல் வெளிச்சம் ஒன்றுதான் பாக்கி. அதுவும் கிடைத்தால் பசுமைக் கட்டடங்களில் உச்சத் தரம், பிளாட்டினம், வாசலில் இதை வரைந்தவள் பெயரோடு பலகை. கிடைக்காவிட்டால் தங்கம். தங்கம் என்ன குறைச்சலா? நான் கட்டடம் வரைந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு வெள்ளிகூட வந்ததில்லை, அதனால்தானே பென்சிலை வைத்துவிட்டு அடுத்தவர் கட்டடத்துக்கு மார்க் போட வந்தேன். "என் தங்கச்சிக்கு என்ன மூளை, பாத்தியா" என்பார் என் கணவர், சாப்பிடும்போது, படுக்கப் போகும்போது, ஒரு தடவை பல் தேய்த்துக்கொண்டே. எனக்கு மட்டும் தலைக்குள் களிமண்ணா? சொந்தக்காரர் கட்டடத்தை மதிப்பிடக் கூடாது, என் நாத்தனார் என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். சொல்லவில்லை. எனக்கு வர வேண்டியிருந்தது, இந்த வயிற்றெரிச்சலை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது...

"அண்ணி, காபி கொண்டு வரச் சொல்லட்டுமா?" வாசலில் நின்று கேட்கிறாள், நகத்தைக் கடித்தபடி. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வெளிச்சம் அளக்கும் மீட்டரை மேசைமேல் வைத்தேன். எண் ஏறியது, ஏறியது, நின்றது. குறைவு. கொஞ்சம்தான், ஆனாலும் குறைவு. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. "கம்மியா இருக்கேம்மா" என்றேன், குரலில் கொஞ்சம் வருத்தம் சேர்த்துக்கொண்டு. அவள் முகம் அப்படியே வாடிப்போனது. "நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும் அண்ணி." சண்டை போட்டாலாவது தேவலை... இவள் ஏன் என்னை நம்புகிறாள்?

மேசையைப் பார்த்தேன். மீட்டர்மேல் என் நிழல். அளக்கும்போது ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், நிழல் பின்னால் விழட்டும் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருபவள் நான். எனக்கு எப்படி ஜன்னல் முதுகுப் பக்கம் போனது? வாசல் இந்தப் பக்கம் இருக்கிறது, அவள் முகம் வாடுவதைப் பார்க்கத் திரும்பி நின்றிருக்கிறேன், அளப்பதற்கு முன்னாலேயே. ஒரு எட்டு தள்ளி நின்றால் போதும், எண் ஏறிவிடும், அவளிடம் காரணம்கூடச் சொல்ல வேண்டாம்... நகரத்தான் போகிறேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், நான் இன்னும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என் கால்தானே, ஏன் நகரவில்லை...