அப்புறம் மேடம்

சர்வீஸ் மேலாளருக்குத் தன் வழிகாட்டியைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. மதிப்பு இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. ஆனால் மாதம் ஒருமுறை அவர் அறைக்குப் போய்விட்டு வெளியே வரும்போதெல்லாம், கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவர் மாதிரிதான் மேலாளரின் முகம் இருக்கும்.

லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கிற கம்பெனி அது. மூத்த அதிகாரிகள் ஒவ்வொருவரும், பதவி உயர்வுக்குத் தயாராகிற ஒருவருக்கு வழிகாட்ட வேண்டும் என்று நிர்வாகம் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. மற்ற அதிகாரிகள் அறிவுரையை அள்ளி வீசினார்கள். நிதித் தலைவர் தன் அனுபவத்தைக் கேட்டவருக்கும் சொன்னார், கேட்காதவருக்கும் சொன்னார். மேலாளருக்கு வாய்த்தவரோ செயல்பாட்டு இயக்குநர். மேலாளரைவிட வயதில் இளையவர், நொடித்துப் போன கிளைகளைத் தூக்கி நிறுத்திக் காட்டிய பெண்மணி. அவரிடம் எதைச் சொன்னாலும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்: "அப்புறம்?" ஆபீஸ் முழுக்க அவருக்கு 'அப்புறம் மேடம்' என்றுதான் பெயர்.

ஒருமுறை, புகார்கள் குவிகின்றன, இன்னும் ஆட்கள் வேண்டும் என்று மேலாளர் போய் நின்றார். அப்புறம்? ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். அப்புறம்? புகார் வருகிற இடத்துக்கெல்லாம் அனுப்பலாம். அப்புறம்? எந்த இடத்துக்கு என்று யோசித்தபோதுதான், பாதிப் புகார்கள் ஒரே வகைக் கதவால் வருகின்றன என்பது அவருக்கே உறைத்தது. கதவுகளை மாற்றினார், புகார்கள் பாதியாகின. நியாயமாகப் பார்த்தால் மேடத்துக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு வந்ததோ எரிச்சல். யோசித்தது நான், கண்டுபிடித்தது நான், நடுவில் இந்தம்மா எதற்கு என்று வீட்டில் வந்து புலம்பினார். பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கும் அவர் மனைவி, திருத்திக் கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"கதை சொல்ல நீங்க இருக்கீங்க. உம் கொட்ட ஒரு ஆள் வேணாமா?" என்றார்.

இந்த நிலையில்தான் எல்லாக் கிளைகளுக்குமான சர்வீஸ் தலைவர் பதவி காலியானது. மேலாளர் பல வருடமாகக் கண் வைத்திருந்த நாற்காலி. வெள்ளிக்கிழமை நேர்காணல். தேர்வுக் குழுவில் நிர்வாக இயக்குநர், நிதித் தலைவர், மேடம். நேர்காணல் முடியும்வரை குழுவில் இருப்பவரும் போட்டியில் இருப்பவரும் தனியாகச் சந்திக்கக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. வேலை விஷயமாக மெசேஜ் அனுப்பலாம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சியில் இருக்கிற மோட்டார் அறையிலிருந்து டெக்னீஷியன் போன் செய்தார். லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்துகிற பிரேக்கில் ஒட்டியிருக்க வேண்டிய பட்டை, விரலால் நெம்பியதும் பிளாஸ்திரி மாதிரி உரிந்து வருகிறதாம். மேலாளர் உடனே கிளம்பிப் போய்த் தன் கையால் உரித்துப் பார்த்தார். மதியத்துக்குள் இன்னொரு கட்டடத்திலிருந்தும் அதே சேதி வந்தது. இரண்டும் புதிய சப்ளையரிடமிருந்து ஒரே லாட்டில், அதாவது ஒரே தொகுப்பில், வந்த பட்டைகள். அதே லாட் ஊரில் இன்னும் எத்தனையோ லிஃப்ட்டுகளில் ஏறியிருந்தது.

பழுதான ஒரு லிஃப்ட்டை நிறுத்த மேலாளருக்கே அதிகாரம் உண்டு. ஓடிக் கொண்டிருக்கிற அத்தனையையும் நிறுத்த மேலிடத்தின் சம்மதம் வேண்டும். வாடிக்கையாளர்கள் சும்மா விடமாட்டார்கள், ஒப்பந்தப்படி அபராதமும் கட்ட வேண்டியிருக்கும். மேடம் வெளியூரில் இருந்தார். இந்த லாட் பொருத்திய எல்லா லிஃப்ட்டையும் இன்றே நிறுத்திவிடலாமா என்று மேலாளர் மெசேஜ் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"அப்புறம்"

அவ்வளவுதான். கேள்விக்குறி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. வாயால் சொல்லியிருந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். போன் திரையில் குரலுக்கு எங்கே போவது? மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அப்புறம் என்றால் அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நேர்காணலை வைத்துக்கொண்டு இப்போது எதையாவது இழுத்துப் போட்டுக் கொள்ளாதே. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. கூப்பிட்டுப் பார்த்தார். மேடம் விமானம் ஏறிவிட்டார் போலிருக்கிறது, போன் அணைந்திருந்தது.

அப்புறமே பார்த்துக் கொள்ளலாம் என்று மோட்டார் அறையின் படியில் உட்கார்ந்தார். நேர்காணல் முடியட்டும். அப்புறம்? அதுவரை லிஃப்ட்டுகள் ஓடும். அப்புறம்? சாயந்திரம் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவார்கள், பையும் கையுமாக ஒரே லிஃப்ட்டில் திமுதிமுவென்று ஏறுவார்கள். அதற்கு அப்புறம் என்ன என்று யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எழுந்துவிட்டார்.

சாயந்திரத்துக்குள் ஒன்றுவிடாமல் நிறுத்தினார். நிறுத்திவிட்டதாகக் குழுவில் இருக்கிற மூன்று பேருக்கும் தகவல் அனுப்பினார். மாடியில் இருக்கிற வயதானவர்களுக்கு மருந்து வாங்கித் தர, சாமான் தூக்கித் தர ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆள் போட்டார். பழைய சப்ளையரைக் கெஞ்சிக் கூத்தாடிப் புதுப் பட்டைகள் வரவழைத்தார். குடியிருப்புச் சங்கத் தலைவர்கள் அவரை வறுத்தெடுத்தார்கள். திட்டுகிறவர்கள் மாடிப்படி ஏறித்தான் திட்டுகிறார்கள், உயிரோடு ஏறுகிறார்கள் என்று அவர் சமாதானம் செய்து கொண்டார். பதவி போயே போய்விட்டது என்றுதான் நினைத்தார். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வாரம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினார்.

தலைமை அலுவலக லிஃப்ட்டிலும் அதே லாட்தான். வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு ஆறு மாடி நடந்து ஏறியது. நிதித் தலைவருக்கு மூச்சு அடங்கவே நேரம் பிடித்தது. அடங்கியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"யாரைக் கேட்டு எல்லாத்தையும் நிறுத்துனீங்க?"

மேலாளர் மேடத்தைப் பார்க்கவில்லை. யாரும் கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் இரண்டு பேரும் தப்பிக்கலாம். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, மேடத்தைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை.

"கேட்டேன் சார். 'அப்புறம்'னு பதில் வந்துச்சு. அந்தப் பட்டையக் கையால உரிச்சுப் பாத்தவன் நான். என்னால அப்புறம் வரைக்கும் காத்திருக்க முடியல. நிறுத்திட்டேன்."

பெயரைச் சொல்லாமல் சமாளித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. அந்த ஆபீஸில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் என்பது மறந்தே போய்விட்டது. நிர்வாக இயக்குநர் மெதுவாக மேடத்தின் பக்கம் திரும்பினார். மேடம் தன் போனை எடுத்துத் தேடினார், பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அது கேள்விங்க," என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. "நிறுத்துங்க, நிறுத்திட்டு அடுத்து என்ன செய்வீங்கன்னு கேட்டேன். விமானம் கிளம்புற அவசரத்துல கேள்விக்குறியப் போடாம விட்டிருக்கேன். தப்பு என்னோடது."

நிர்வாக இயக்குநர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். நிதித் தலைவர் சிரிக்கவில்லை. சரி, அதைக் கேள்வியாகவே எடுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மேலாளரை மடக்கினார்.

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். "உக்காந்து பதில் எழுதிட்டிருப்பேன் சார். மேடம் பாத்துச் சரின்னு சொல்றதுக்குள்ள பிள்ளைங்க லிஃப்ட்ல ஏறியிருக்கும்."

நிதித் தலைவர் தன் முன்னால் இருந்த கோப்பை மூடி வைத்தார்.

மேலாளரை வெளியே உட்காரச் சொன்னார்கள். காபி ஆறிப் போனது. கதவைத் திறந்துகொண்டு மேடம்தான் வந்தார். பதவி மேலாளருக்குத்தான் என்றும், நிதித் தலைவர்தான் முதலில் கை தூக்கினார் என்றும் சொன்னார். இத்தனை மாதமும் ஒன்றும் தராமல் அனுப்புகிறார் என்று நினைத்தோமே என்று மேலாளருக்கு வெட்கமாக இருந்தது. மோட்டார் அறைப் படியில் தன்னை எழுப்பியது யாருடைய வார்த்தை என்று இப்போது அவருக்குத் தெரிந்தது.

"இனிமே மாசா மாசம் என் ரூமுக்கு வர வேண்டாம்," என்றார் மேடம்.

யோசிக்காமல் மேலாளர் வாயில் அது வந்துவிட்டது. "அப்புறம்?"

இதுவரை யாரும் மேடத்தைத் திருப்பிக் கேட்டதில்லை. அவர் சிரித்தார்.

"அப்புறம் என்ன, நீங்க பாத்துக்குவீங்க."