பொய்த்தூண்

தலைக்கு மேலிருந்து சிமெண்டுப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கிறது, கூந்தலில், கழுத்தில், முந்தானை மடிப்பில், உலகம்மாள் அதைத் தட்டிவிடவில்லை, தட்டினால் அந்த அசைவுக்கே புது போர்ட்டிகோ முழுவதும் இறங்கிவிடும் என்று பயந்து, காங்கிரீட்டைத் தாங்கி நிற்கும் சவுக்குக் கம்புகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வெளியே வெயிலில் நின்றுகொண்டு அவள் புருஷன் சங்கரநயினார், ஏட்டி, எந்திச்சு வெளிய வா, ஆளுக வேல பாக்க வேண்டாமா என்று கத்துகிறார், கொத்தனார் பூலுடையார் சம்மட்டியைக் கையில் பிடித்தபடி எங்கேயோ பார்க்கிறார், முன்வரிசைக் கம்புகளை அவர்தான் தட்டி எடுத்தார், கடைசிக் கம்பு சாய்ந்ததும் மேலே என்னவோ முனகியது, அடுப்படியில் நின்ற உலகம்மாளுக்கு அது கேட்டுவிட்டது, கரண்டியும் கையுமாக ஓடிவந்து அடியில் உட்கார்ந்துவிட்டாள், நான் இருக்கேன், இப்ப எடுங்க மிச்சத்த, பாப்போம்.

அந்த முனகலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள், தாவணி போட்ட புதிதில், அடைமழை நாளில், எதிர்வீட்டில் கல்யாணம் நெருங்கிவிட்டது என்று காங்கிரீட் இறுகும் முன்பே அவசர அவசரமாகத் தாங்கு பலகை பிரித்த சன்ஷேடுக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா ஒதுங்கி நின்றாள், இங்க வாயேன்ட்டி, நனையாத என்று கையைக் காட்டிக் கூப்பிட்டாள், இவள் தெருவைத் தாண்ட ஒரு கால் எடுத்து வைத்தாள், அவ்வளவுதான், மேலே ஒரு முனகல், சன்ஷேடு அப்படியே இறங்கிவிட்டது, சத்தம்கூடப் பெரிதாக இல்லை, அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போலத்தான் கேட்டது, மழை மட்டும் நிற்காமல் பெய்தது, இன்னும் பெய்கிறது, மதியம் சற்றுக் கண்ணயர்ந்தாலே போதும், அந்த மழை வந்துவிடுகிறது, பேச்சியக்கா அங்கே நிற்கிறாள், இங்க வாயேன் என்கிறாள், முகத்தைத் திருப்பினால் அது பேச்சியக்கா இல்லை, வடிவு, பெற்ற மகள், கை நிறைய வளையலும் ஏழு மாத வயிறுமாக, அம்மா, இங்க நனையாதும்மா என்று சிரிக்கிறாள், உலகம்மாள் அலறி எழுந்து உட்காருவாள். வடிவின் வளைகாப்புக்குப் பந்தல் எதற்கு, புது போர்ட்டிகோவிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவோம் என்று சங்கரநயினார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இத்தனைக்கும் எல்லாம் முறையாகத்தான் தொடங்கியது, இன்ஜினியர் ஜெபசிங் பிளான் வரைந்தார், முன்னால் மூன்று தூண், மேலே மகளும் மருமகனும் காற்றாட உட்கார ஒரு பால்கனி, அனுமதி வாங்க சங்கரநயினார் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தார், முத்திரை விழுந்த பிளானை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிள்ளையின் மார்க் ஷீட் மாதிரி விரித்துக் காட்டினார், அதோடு நின்றிருந்தால் வம்பில்லை, யாரோ சொன்னார்கள் என்று வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்தார், அவர் தலைவாசலில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், நடுத்தூண் வாசலுக்கு நேரா நிக்கி, குடும்பத் தலைவனுக்கு நெஞ்சுல குத்தும் என்றார், சங்கரநயினார் அப்போதுதான் பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்திருந்தார், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நடுத்தூண் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று. பூலுடையார் தலையைச் சொறிந்தார், அண்ணாச்சி, நடுத்தூண் இல்லன்னா பீம் தாங்காது, ஜெபசிங் சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம், அவர்ட்ட கேட்டா வேண்டாம்பாரு, நீ ரெண்டு கம்பி கூடப் போடுடே என்றார் சங்கரநயினார், ரெண்டு கம்பி கூடப் போட்டார்கள், காங்கிரீட் ஊற்றினார்கள், அதற்குப் பிறகுதான் சங்கரநயினாருக்கு அடுத்த பயம் பிடித்தது, பிளானில் மூன்று தூண், இடத்தில் ரெண்டு, ஆபீசிலிருந்து பார்க்க வந்தால் என்ன சொல்வது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு மூளை உண்டு, பெரிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கிவந்து நடுவில் நிறுத்தி, கம்பிவலை சுற்றி, மேலே சிமெண்ட் பூசச் சொன்னார், பார்த்தால் அசல் தூண், உள்ளே வெறும் காற்று, காத்து எப்பிடிட்டி நெஞ்சுல குத்தும் என்று வயிறு குலுங்கச் சிரித்தார், வாஸ்துக்கும் ஆச்சு, சர்க்காருக்கும் ஆச்சு. ஆபீசிலிருந்து வந்தவர் டேப் பிடித்து அளந்தார், தூணை எண்ணினார், இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார், அவர் போன பிறகு உலகம்மாள் அந்தத் தூணை விரலால் தட்டிப் பார்த்தாள், வெறுங்குடம் போலச் சத்தம் கேட்டது, இன்ஜினியருக்கு ஒரு போன் போடுங்க, பிள்ள வந்து உக்காரப்போற இடம் என்று கும்பிட்டுக்கூடப் பார்த்தாள், அட போட்டி இவளே, யானைய ஏத்தினாலும் அசையாது என்றார்.

இதோ வடிவு சாயந்திரம் வருகிறாள், அதற்குள் கம்பெல்லாம் எடுத்துக் கழுவிவிட்டுக் கோலம் போட வேண்டும், இவள் அடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஏங்க, என்கிறாள், யானைய ஏத்தலாம்னியள்லா, யானையெல்லாம் வேண்டாம், நீங்க வாங்க, எம் பக்கத்துல வந்து உக்காருங்க, மிச்சக் கம்ப எடுக்கச் சொல்லுவோம், எம் பிள்ளைய உக்கார வைக்கதுக்கு முன்னால நாம ரெண்டு பேரும் உக்காந்து பாத்துருவோம். சங்கரநயினார் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை, கிறுக்கி என்றார், வேட்டியை மடித்துக் கட்டினார், நிழல் விழும் இடம் வரைக்கும் வந்தார், அண்ணாந்து பார்த்தார், மேலே நடுப் பீமில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் ஓடியிருந்தது, மறுபடி கொஞ்சம் பொடி உதிர்ந்தது, அவர் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது, கொத்தனார் பார்த்தார், சித்தாள்கள் பார்த்தார்கள், மதிலுக்கு மேலே பக்கத்து வீடும் பார்த்தது, அவர் முகம் அப்படி வெளுத்து உலகம்மாள் பார்த்ததே இல்லை.

டேய் பூலுடையார், எடுத்த கம்பத் திரும்ப நிறுத்துடே, ஜெபசிங் சாருக்குப் போனப் போடு என்றார், பூலுடையார் சம்மட்டியைக் கீழே வைத்தார், மதினி முதல்ல வெளிய வரட்டும் அண்ணாச்சி, நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க என்றார், யாரும் அசையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில்தான் உலகம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே உயிரே இல்லாதது போல ஆயிற்று, ஏங்க, எந்திக்க முடியலங்க, வந்து தூக்கி விடுங்களேன் என்று அழுதாள், முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன் வெயிலில் நின்றபடியே குனிந்து, எட்டுகிற மட்டும் கையை நீட்டினார், வா உலகா, வந்துரு, வந்துரு என்றார், கை நீண்டதே தவிர கால் உள்ளே வரவில்லை. உலகம்மாள் தவழ்ந்து போய்த்தான் அந்தக் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.