யுத்தத்துக்கு மூன்றாம் ஓலை

யுத்தத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

நேசகுளம் கோயிலில் கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது எப்படியோ, யுத்தத்துக்கும் அப்படித்தான். மூன்று ஞாயிறு, ஆராதனைக்கு நடுவில், போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி அறிவிப்பார். நியாயமான தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். சொல்லாதவர்கள் பந்திக்கு வந்துவிட வேண்டும். மூன்று ஓலையும் சபையின் காதில் விழுந்துவிட்டால் அது நியாயமான யுத்தம். காதில் விழ வேண்டும் என்பது முக்கியம். விதிப்புத்தகத்தில் அதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறது.

யுத்தத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, மடக்குக் குடையோடு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார். காப்பி குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். அந்த இடத்திலேயே, சபைக் காரியங்களைப் பார்க்கிற சேகரக் கமிட்டி உருகிப்போனது. தங்கள் மாப்பிள்ளைமாரில் ஒருவன்கூட டம்ளர் கழுவியதில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள்.

விண்ணப்பத்தை அவரே தமிழில் நிரப்பினார். பெயர்: யுத்தம். எதிர்த்தரப்பு: ஆசீர்வாதபட்டி சபை. காரணம்: நியாயமானது. யாருக்காக: சமாதானத்துக்காக.

கமிட்டிச் செயலாளர் ஜெபக்கனி டீச்சர் சபைப் பதிவேட்டைப் புரட்டினார். சமாதானம் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். கோவில்பிள்ளை வேலை பார்க்கிறவர். கோயிலைக் கூட்டுகிறவர், பாய் விரிக்கிறவர், மணி அடிக்கிறவர். மணி அடிப்பதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு இழுப்பு, ஒரு மூச்சு. நாற்பது வருடமாக அப்படித்தான். அவரையும் அவர் பழக்கிவிட்ட இரண்டு மகன்களையும் தவிர அந்தச் சேகரத்தில் யாரும் அப்படி அடிப்பதில்லை.

சரி, யுத்தம் அவருக்காக என்று டீச்சர் எழுதிக்கொண்டார். அவரிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார். முதல் ஓலையின்போது சமாதானம் வெளியே ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஓலையின்போதும் அதே ஆடு.

சனிக்கிழமை காலை அவர் பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு படி இருந்த பீடம் அது. யுத்தம் சரியா தவறா என்று சபையில் வாக்குவாதம் தொடங்கிய நாளிலிருந்து, யாராவது ஒரு வசனத்தைச் சொன்னால் ஒரு படி கூடிவிடுகிறது. இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. நாளை ஓலை வாசிக்க வேண்டும் என்பதால் போதகர் அன்று விடிந்ததுமே ஏறத் தொடங்கியிருந்தார். கையில் தூக்குச்சட்டி இருந்தது.

டீச்சர் ஒரு தாளை நீட்டினார்.

"சமாதானம் அண்ணாச்சி, இதுல ஒரு கையெழுத்து."

"என்னத்துக்கு டீச்சர்?"

"யுத்தத்துக்கு."

"எந்த யுத்தம்?"

"ஒங்களுக்காக நடக்கப் போகுதுல்லா, அது."

சமாதானம் துணியைப் பிழிந்தார். "நான் கேக்கலையே."

"கேட்டுச் செஞ்சா அது ஒதவி. கேக்காமச் செய்யதுதான் தியாகம்."

தாளின் பின்னால் சண்டைக்குப் போகிறவர்களின் பட்டியல் இருந்தது. வீட்டுக்கு ஒருவர். நேசகுளத்துப் பக்கம் ஏழாவது பெயர் எபநேசர், அவருடைய மூத்தவன். பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடுகிறவன். ஆசீர்வாதபட்டிப் பக்கம் நான்காவது பெயர் ஜாஸ்பர், அவருடைய சின்னவன். போன வருடம் அந்த ஊரில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, 'நேருக்கு நேர்' என்று எழுதியிருந்தது.

சமாதானம் அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"டீச்சர், ரெண்டும் எம் பிள்ளைய."

"அதான் அளவோட செய்யுதோம். வீட்டுக்கு ஒண்ணு. ஒங்களுக்கு ரெண்டு வீடு."

"நான் தடை சொல்லணும்."

"தாராளமாச் சொல்லலாம். கமிட்டிக்கு வாங்க."

கமிட்டி அறையில் யுத்தம் முன்பே உட்கார்ந்திருந்தார். சமாதானத்தைக் கண்டதும் மரியாதையாக எழுந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா? எங்க போனாலும் ஒங்க பேரைச் சொல்லித்தான் நான் உள்ள நுழையுதேன். நேர்ல பாக்கது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் ஒல்லியா இருக்கீங்க."

"எனக்கு இது வேண்டாம், ஐயா."

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்றார் யுத்தம். "ஆசீர்வாதபட்டியிலயும் ஒரு சமாதானம் இருக்காங்க. முட்டை விக்காங்க. அவங்களுக்காகவும் நான்தான்."

டீச்சர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். நியாயமான யுத்தத்துக்கு இரண்டு சோதனை. ஒன்று, யுத்தம் அளவோடு இருக்க வேண்டும். இரண்டு, அது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

அளவு எடுக்கத் தையல்காரர் தங்கையா வந்திருந்தார். யுத்தத்தின் மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டார். முப்பத்தெட்டு. எழுதிவிட்டு, சரிபார்க்க மறுபடி போட்டார். நாற்பத்தாறு.

"மூச்சை விடும், சார்."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஐம்பத்தேழு. அப்புறம் நாடா தீர்ந்துவிட்டது. தங்கையா அனுபவஸ்தர், அசரவில்லை. "உள்ளுக்குள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைச்சிருவோம். பெருத்தாப் பிரிச்சுக்கலாம்."

அளவு சரி என்று டீச்சர் எழுதினார்.

"கடைசி வழிதானான்னு பாக்கணும். அண்ணாச்சி, பின்னால போயி வேற வழி இருக்கான்னு பாத்துட்டு வாங்க. பத்து நிமிஷம்."

அறைக்குப் பின்னால் ஒரு நடை உண்டு. மற்ற நாளில் தண்ணீர்த்தொட்டியோடு முடிந்துவிடும். அன்று முடியவில்லை. சமாதானம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

முதல் கதவுக்குள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவார்த்தைக்காக என்றார்கள். "நீங்க பேசுங்க" என்றார் ஒருவர். "சே, சே, நீங்க மொதல்ல" என்றார் மற்றவர். இருவருக்கும் தாடி முழங்காலைத் தொட்டது.

இரண்டாவது கதவில் 'மன்னிப்பு' என்று எழுதியிருந்தது. பூட்டு தொங்கியது. சமாதானம் தட்டினார். "சாவி ஒங்ககிட்டதான் இருக்கு" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அவர் சட்டைப்பையைத் தடவினார். கோயில் சாவிதான் இருந்தது. போட்டுப் பார்த்தார். திறந்துவிட்டது. உள்ளே இருந்தவர் மிகவும் சங்கடப்பட்டார். இதுவரை யாரும் போட்டுப் பார்த்ததில்லையாம்.

அந்த அறைக்கு எதிர்ப்புறமும் ஒரு வாசல் இருந்தது. அதன் வழியே பார்த்தால் வயல், வாய்க்கால், அப்பால் ஆசீர்வாதபட்டி கோபுரம். சமாதானத்துக்குத் தெரிந்த பாதைதான். சனிக்கிழமைதோறும் ஜாஸ்பருக்கு மீன்குழம்பு கொண்டுபோகிற பாதை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினார்.

"வழி இருக்கு டீச்சர். சைக்கிள்ல இருபது நிமிஷம்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"பதினோரு நிமிஷம் ஆயிட்டே அண்ணாச்சி. பத்தாவது நிமிஷத்துல 'வேறு வழி இல்லை'ன்னு எழுதிட்டேன். மையில எழுதினது."

"அழிச்சிரலாமே."

"அழிச்சா தாள் கிழியும்."

தாள் கிழிவதை யாரும் விரும்பவில்லை. டீச்சர் கடைசி வரியையும் எழுதி வாசித்துக் காட்டினார். 'சமாதானம் சொன்ன சமாதானம் ஏற்கப்படவில்லை.' கமிட்டி கைதட்டியது. தமிழ் நன்றாக இருக்கிறது என்றார் யுத்தம்.

வீட்டில் பொன்ராணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். சமாதானத்தைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் பெரிதாக எதற்கும் அசந்ததில்லை. இப்போது அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"பேரை மாத்திருங்க. நீதிராஜன்னு வச்சுக்கோங்க."

"போன யுத்தம் அதுக்காகத்தான் நடந்துச்சு."

அவள் யோசித்தாள். "ஓலை காதுல விழுந்தாத்தான கணக்கு?"

"ஆமா."

"மணி அடிக்கது யாரு?"

"நான்தான்."

"நீங்க மணி அடிக்கும்போது பக்கத்துல நின்னு பேசுனா என்னைக்காவது ஒங்களுக்குக் கேட்டிருக்கா? முப்பது வருசமாக் கத்துதேன்."

சமாதானம் அவளைப் பார்த்தார். கட்டிக்கொண்ட நாளில் பார்த்த மாதிரி பார்த்தார். பொன்ராணி வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. யுத்தம் முதல் பெஞ்சில் ரோஜாமாலையோடு உட்கார்ந்திருந்தார். அளவு மறுபடி கூடியிருந்ததால் பெஞ்சில் வேறு யாருக்கும் இடமில்லை. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். வாக்குவாதம் நன்றாகச் சூடேறியிருந்தது.

"பேதுருகிட்டயே பட்டயம் இருந்துச்சுல்லா" என்றது இடது பக்கம். ஒரு படி கூடியது.

"அதை ஆண்டவர் ஒறையில போடச் சொன்னாருல்லா" என்றது வலது பக்கம். இன்னொரு படி.

"சாட்டையை எடுத்தாரே."

"மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே."

"ஐயோ, கொஞ்சம் சும்மா இருங்க" என்றது மேலேயிருந்து ஒரு குரல். போதகர். அவர் உச்சிக்குப் போய்ச் சேர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். சபை பதறிப்போய் வாயை மூடியது. போதகர் மீதிப் படிகளை ஏறினார். பார்ப்பதற்குக் கூரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைப் புறா அளவுதான் இருந்தார். தாளைப் பிரித்தார். வாயைத் திறந்தார்.

"யு" என்றார்.

சமாதானம் கயிற்றை இழுத்தார்.

டாண். டாண்.

பிறகு மூச்சு விட்டார். நாற்பது வருடப் பழக்கம், விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியில் போதகரின் குரல் கீழே வந்து சேர்ந்தது. "யுத்" என்றது.

டாண். டாண். மூச்சு.

"யுத்தத்" என்றது.

சமாதானத்துக்கு வேர்த்துக் கொட்டியது. மூச்சு விடாமல் அடிக்கப் பார்த்தார். கை கேட்கவில்லை. இந்த வேகத்தில் போனால் இருபது மூச்சுக்குள் ஓலை முழுவதும் வந்துவிடும். முதல் பெஞ்சில் யுத்தம் மாலையைச் சரிசெய்துகொண்டார். டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் குறித்தார்.

டாண். டாண். மூச்சு.

அந்த மூச்சில் போதகரின் குரல் கேட்கவில்லை. வேறொரு மணி கேட்டது. தூரத்தில், வயலுக்கும் வாய்க்காலுக்கும் அப்பால். ஆசீர்வாதபட்டியில் அதே நேரம் அவர்களும் மூன்றாம் ஓலைக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். டாண், டாண் என்று இரண்டு இழுப்பு. அப்புறம் ஒரு மூச்சு.

சமாதானம் அந்தக் கையை அறிவார். எட்டு வயதில் கயிறு எட்டாமல், அவர் தோள்மேல் நின்று பழகிய கை அது.

அங்கே மூச்சு விடும்போது இங்கே அடித்தது. இங்கே மூச்சு விடும்போது அங்கே அடித்தது. நடுவில் ஓர் எழுத்துகூட நுழைய இடமில்லை.

டீச்சர் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். யுத்தம் திரும்பிச் சமாதானத்தைப் பார்த்து என்னவோ சொன்னார். கேட்கவில்லை. எழுந்து பக்கத்தில் வந்து, நான் கொஞ்ச நேரம் பிடிக்கட்டுமா என்று கயிற்றைக் காட்டிச் சைகை செய்தார். மரியாதைக்குக் குறைவில்லாத ஆள். சமாதானம் வேண்டாம் என்று தலையாட்டினார். அதற்குள் எபநேசர் பாடகர் குழுவிலிருந்து இறங்கி வந்து, கயிற்றில் அப்பாவின் கைக்கு மேலே தன் கையை வைத்தான்.

பந்திக்கு நேரமாகிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஓலை முடியாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அது இடது பக்கமும் தொற்றிக்கொண்டது. சிரிப்பும் கேட்கவில்லை, தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. பொன்ராணி பந்திச் சோற்றைத் தட்டில் கொண்டுவந்து, மூச்சு விடுகிற நேரம் பார்த்து ஒரு கவளம் புருஷனுக்கும் ஒரு கவளம் மகனுக்கும் ஊட்டினாள்.

மேலே போதகர் விடாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். யுத்தம் பெஞ்சுக்குத் திரும்பிப் போய், குடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. அது சமாதானத்துக்கும் தெரியும்.

அவருக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. விரல்கள் மரத்துவிட்டன. ஆனாலும் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒருநாளும் மணி அடித்ததில்லை.

ஆசீர்வாதபட்டியில் சின்னவன் மூச்சு விட்டான். சமாதானம் இழுத்தார்.