டெர் சஹாக்கின் வலது கை

வெந்நீரில் நனைத்த துண்டை அப்பாவின் வலது கைமேல் மறுபடியும் சுற்றினாள் நுவார்த். விரல்கள் கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை. இசைக்குழுவை நடத்தும் வெள்ளைக் கோல் அந்தப் பிடிக்குள் இறுகிக் கிடந்தது.

"யாரைக் கேட்டு இதை வச்சீங்க, ஸாவென் மாமா?"

முதல் வயலின்காரர் ஸாவென் கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். "விடியக்காலையில உயிர் போனப்போ கை சூடாத்தான் இருந்துச்சும்மா. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. நான்தான் விரலை மடக்கி விட்டேன். இப்படி விறைச்சுப் போகும்னு கண்டேனா?"

"கியும்ரியில யார் செத்தாலும் முதல் ஆளா போய் வாசிக்கிறீங்க. உங்களுக்கா தெரியாது?"

"நான் வாசிக்கிறப்போ கண்ணை மூடிக்குவேன்."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. ஜன்னலுக்குப் போனாள். தெருவில் பனி, ஆயரின் காரைக் காணோம். அடுப்படிக்கு ஓடிக் கெண்டியை மறுபடி ஏற்றினாள். திரும்ப வந்து துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். எதுவும் மாறவில்லை.

ஆயர் வந்துகொண்டிருந்தார். பாதிரியார் இறந்தால் அங்கி உடுத்தி, நெற்றியிலும் வலது உள்ளங்கையிலும் புனிதத் தைலம் பூச வேண்டும். பூசாவிட்டால் 'டெர்' என்ற பாதிரிப் பட்டம் போய், டெர் சஹாக் வெறும் சஹாக்காகத்தான் குழிக்குள் இறங்குவார். அம்மா அதைத் தாங்க மாட்டாள். ஆயருக்கோ இந்தக் கோலைக் கண்டாலே ஆகாது. பலிபீடத்தில் தூக்கும் கையை மேடையில் வீசலாமா என்று போன வருஷம் ஆள் அனுப்பிக் கேட்டார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு அன்று மாலையே ஒத்திகைக்குப் போனார்.

அப்பா பாதிரி அங்கி போட்டதே ஊரையே சாய்த்த பூகம்பத்தால்தான். அந்தக் குளிர்காலத்தில் தன் குழுவில் பாதிப் பேரை இடிபாட்டிலிருந்து பிணமாக எடுத்தார். ஜெபம் சொல்லிப் புதைக்க ஆள் போதவில்லை. அதன் பிறகுதான் பாதிரியாரானார். கோலை ஏன் விடவில்லை என்று கேட்டவர்களிடம், "மிச்சம் இருக்கிறவங்க வாசிக்க வேண்டாமா?" என்பார்.

"கோலை ஒடைச்சு எடுத்துடலாமா?" என்றாள் நுவார்த்.

"அதுக்கு என் விரலை ஒடை."

கீழே கார்க்கதவு அறையும் சத்தம் கேட்டது. அப்போது அம்மா ஹைகனுஷ் கறுப்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தாள். துண்டையும் கையையும் கோலையும் பார்த்தாள். ஸாவெனைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வெளியே போங்க."

"அம்மா, ஆயர் வந்துட்டார்!"

"வரட்டும். நாலு மாடி ஏறணும். அந்தத் தொந்தியோட அவ்வளவு சீக்கிரமா வந்துடுவாரா?"

நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள். "கோயில்ல பீடத்தைப் பாத்து நின்னாலும் எனக்கு இவர் முதுகுதான். கச்சேரிக்குப் போனாலும் முதுகுதான். கொஞ்ச நேரம் நான் எதிர்ல உக்காந்துக்கறேன்."

நுவார்த் கதவை முழுதாகச் சாத்தவில்லை. குழுவில் வயோலா வாசிக்கும் இடத்திலிருந்து அவள் அப்பாவின் முகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை என்பது இன்றுவரை அவளுக்கு உறைத்ததில்லை.

அம்மா சுண்டுவிரலில் தொடங்கினாள். அழுத்தித் தேய்த்து, கணுக்கணுவாக நீவினாள். "போதும் சஹாக்," என்றாள், சாப்பிடக் கூப்பிடும் குரலில். "எல்லாரும் வாசிச்சு முடிச்சாச்சு. விடுங்க."

படியில் காலடிகள் நெருங்கின. ஸாவென் ஆயரை நடுவழியில் மறித்து நின்று வணக்கம் சொன்னார், இருமினார், மறுபடியும் வணக்கம் சொன்னார்.

ஆயர் மூச்சிரைக்க உள்ளே வந்தபோது அம்மா எழுந்து நின்றாள். அப்பாவின் கை மார்பின்மேல் விரிந்து கிடந்தது. கோல் அவளுடைய சட்டைக் கைக்குள் போயிருந்தது. அதன் நுனி மட்டும் மணிக்கட்டருகே தெரிந்தது.

கூட வந்த பாதிரியார்கள் அங்கி உடுத்தினார்கள். ஆயர் நெற்றியில் சிலுவை வரைந்தார். கையை எடுத்துத் திருப்பினார். உள்ளங்கையின் குறுக்கே கோல் அழுந்திய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அவருடைய கட்டைவிரல் அங்கேயே நின்றது. அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா பார்வையை விலக்கவில்லை.

ஆயர் விரலை இன்னொரு முறை தைலத்தில் தோய்த்துச் சிலுவை வரைந்தார். தைலம் வழிந்து அந்தத் தடத்தில் இறங்கி, அதன் நீளத்துக்கும் நிறைந்து நின்றது.